மிச்சத் தண்ணி

மிதவை ஒன்று. நாள் 204. காலை 06:10
உயரம் 55 கி.மீ. வெளி வெப்பம் 28. பகல் பக்கம்.

எல்லாம் வழக்கம் போல. பை அழுத்தம் சரி. உறையில புது ஓட்டை இல்ல. மின்சாரம் முழுசா இருக்கு.

எழுதுறது சண்முகவடிவு. உயிர்வேதியியல். வெள்ளிக் கிரகத்து மேகத்துக்கு நடுவுல, ஹைட்ரஜன் பைக்கு அடியில தொங்குற இந்த ஆய்வுக் கூண்டுல தனி ஆள். இத யாரு எடுத்துப் படிக்கப் போறீங்கன்னு தெரியாது. தலைமையகத்துல யாரும் படிக்கிறதில்லன்னு மட்டும் தெரியும். போன மாசம் ஒரு பத்தி முழுக்க மிளகு ரசம் வைக்கிறது எப்படின்னு எழுதி அனுப்பினேன். "பெறப்பட்டது, நன்றி"ன்னு பதில் வந்துச்சு.

வேலை இதுதான். அமில மேகத்துலயும் பொழைக்கிற மாதிரி வளர்த்த பாக்டீரியா என்கிட்ட இருக்கு. அதோட சுவாச நொதி வழியா புரோட்டான் எப்படிப் போகுதுன்னு அளக்குறேன். நீங்க இழுக்குற மூச்சுல இருக்குற ஆக்சிஜன் கடைசியாப் போய்ச் சேருற இடம் இந்த மாதிரி ஒரு நொதிதான். அது புரோட்டானைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளும். தள்ளினது திரும்பி வரும்போது ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுத்திட்டு வரும். அந்தச் சக்கரம் சுத்துறதுதான் உங்க உடம்புல இருக்குற தெம்பு. நீங்க படி ஏறுறது, கோவப்படுறது, இதைப் படிக்கிறது எல்லாமே அதுதான்.

நொதிக்குள்ள தண்ணி மூலக்கூறு வரிசையா நிக்கும். புரோட்டான் அதுல நடந்து போறதில்ல, கைமாறிப் போகும். எங்க கமுதிப் பக்கம் தண்ணி லாரி வந்தா பொம்பளைங்க வரிசையா நின்னு குடத்தைக் கைமாத்தி விடுவாங்க. அதேதான். ஒரு நொதி வினாடிக்கு ஆயிரம் குடம் வரைக்கும் கைமாத்தும். இன்னைக்கு அளவு 940.

மிதவை ஒன்று. நாள் 219. காலை 06:50
உயரம் 55. வெளி வெப்பம் 28.

வலை போயிருச்சு. மேகத்துல அமிலத் துளியைப் பிடிக்கிற வலை. அதுல பிடிச்சதைக் காய்ச்சித்தான் தண்ணி எடுக்குறோம். மூணும் நார் நாராத் தொங்குது. இனி இருக்குற தண்ணியையே சுத்திச் சுத்திக் குடிக்கணும். குடிச்சது, கழுவினது, மூத்திரம் எல்லாம் வடிகட்டி மறுபடி தொட்டிக்கு. புது வலையோட கப்பல் வர இன்னும் எட்டு மாசம்.

மிதவை ரெண்டுல நிலைமை இதை விட மோசம். அங்க இருக்குறது ரோமால்ட், மெக்கானிக், தூத்துக்குடிக்காரன். அவனோட வலை போன மாசமே போயிருச்சு, தண்ணி பிரிப்பானும் போயிருச்சு. ஆக்சிஜன் உருளை நிறைய வச்சிருக்கான், தண்ணி இல்ல. ரெண்டு மிதவைக்கும் நடுவுல இருநூறு கிலோமீட்டர் காத்து. குருவின்னு ஒரு ஆளில்லா விமானம் மிச்சம் இருக்கு. ஒரு நடைக்கு ஒரு கேன் தூக்கும். அவனுக்கு நான்தான் அனுப்பணும்.

நல்லவேளையா ஒரு வழி கிடைச்சுது. என் பிரிப்பான் தண்ணியை ஆக்சிஜன், ஹைட்ரஜன்னு பிரிக்கும். ஆக்சிஜன் எனக்கு மூச்சு விட, ஹைட்ரஜன் பைக்கு. அடியில கொஞ்சம் பிரியாம நிக்கும். கையேட்டுல "மிச்ச நீரை வாரம் ஒருமுறை வெளியேற்றவும்"னு ஒரு வரி. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. வெளியேத்தவா? அத எழுதுனவன் எங்க ஊர்ல பொறந்திருக்கணும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு கேட்டு வளர்ந்தவ நான். வந்த நாள்ல இருந்து ஒரு சொட்டு கொட்டினதில்ல, கேன் கேனாப் பிடிச்சு வச்சிருக்கேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி பரிசோதனை பண்ணேன். உப்பு இல்ல, அமிலம் இல்ல, உலோகம் இல்ல, கிருமி இல்ல. அப்படி ஒரு சுத்தம். ஒரு மடக்கு குடிச்சுப் பாத்தேன். லேசாத் தித்திச்சுது.

உப்புத் தண்ணி ஊர்ல பொறந்தவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். எங்க பக்கம் பத்துக் கிணறு வெட்டினா ஒண்ணு தித்திக்கும். வீட்டுக்கு யாராவது வந்தா அந்தத் தண்ணியத்தான் மோந்து குடுப்போம், நாங்க மத்ததைக் குடிச்சுக்குவோம். அதனால மிச்சத் தண்ணி முழுக்க ரோமால்டுக்கு. பொதுத் தொட்டித் தண்ணி எனக்கு. முதல் கேன் போய்ச் சேர்ந்துருச்சு.

மிதவை ரெண்டு: "யக்கா, என்ன தண்ணி இது! சீனி கீனி போட்டீகளா? எங்க ஊர்ல இப்படி ஒரு தண்ணி வந்தா லாரிய மறிச்சு வெட்டுக்குத்தே நடக்கும், கேட்டீகளா. நல்லா இருப்பீக."

மிதவை ஒன்று. நாள் 251. காலை 08:30
உயரம் 55. வெளி வெப்பம் 29.

அளவு 790.

அளக்குற லேசரை மாத்திட்டேன். பாக்டீரியாவைப் புதுசா வளர்த்துட்டேன். குறையுது. சாப்பாட்டுக்கு வளர்க்குற கீரைத் தட்டுலயும் வளர்ச்சி இல்ல, ரெண்டு இலை விட்டுட்டு அப்படியே நிக்குது, மாமியார் வீட்டுக்கு வந்த புதுப் பொண்ணு மாதிரி.

எனக்கும் முடியல. காலையில முழிப்பு வர மாட்டேங்குது. ஆறு மணிக்கு எந்திரிக்கிறவ, ஏழாச்சு, இப்ப எட்டரை. கேனைத் தூக்கினா கை கடுக்குது. முன்னாடி ஒரு கையில தூக்கின கேன், இப்ப ரெண்டு கை வேணும். வயசு ஐம்பத்திமூணு, இதுக்கு மேல என்ன எதிர்பாக்குறது.

குருவியும் சண்டித்தனம் பண்ணுது. கேன் ஏத்தினா "எடை கூடுதல்"னு சிவப்பு விளக்கு போடுது. அதே கேன், அதே இருபது லிட்டர். உணர்கருவி கெட்டுப் போச்சு போல. விளக்கை அணைச்சுட்டு அனுப்பிட்டேன்.

மிதவை ரெண்டு: "யக்கா, ரெண்டு நாளா தலை சுத்துது. ஏணில ஏறினா கூண்டே கவுந்த மாதிரி இருக்கு. கடல்ல வளர்ந்தவன், எனக்கு எப்படித் தலை சுத்தும்?"

பூமியில டாக்டர் ஹமீதா, எங்க ரெண்டு பேருக்கும் வைத்தியம் பாக்குறவங்க. அவங்ககிட்ட இருந்து பதில்: "ரெண்டு பேருக்கும் நீரிழப்பா இருக்கும் வடிவு. வலை போனதுல இருந்து தண்ணி குறைச்சுக் குடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். நல்லா தண்ணி குடிங்க. ரோமால்டையும் குடிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு கேன் சேர்த்து அனுப்பியிருக்கேன்.

மிதவை ஒன்று. நாள் 270. பகல் 11:15
உயரம் 55. வெளி வெப்பம் 29.

அளவு 680.

கருவியில பிழை இல்ல. அப்ப நொதியிலதான் ஏதோ மாறுது. நடுவுல குளுட்டமேட்னு ஒண்ணு நிக்கும், புரோட்டானை வாங்கி, திரும்பி, குடுக்குற ஆள். அது திரும்புறது தாமதமாகுது. நாள்பட்ட ஓட்டத்துல நொதிக்கே ஒரு தளர்ச்சி வருதுன்னு நினைக்கிறேன். "நொதிக் களைப்பு"ன்னு பேரு வச்சு அறிக்கை அனுப்பிட்டேன். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. தலைமையகம் இந்தத் தடவை நிஜமாவே படிச்சிருக்கு. "மிக முக்கியமான கண்டுபிடிப்பு, பாராட்டுகள்"னு வந்துச்சு.

சந்தோஷப்படக் கூடத் தெம்பு இல்ல. படிச்சுட்டு அப்படியே தூங்கிட்டேன்.

ரோமால்டுக்குக் கை நடுங்குது. ஸ்பேனர் பிடிக்க முடியலையாம். சாப்பாடு இறங்கலையாம். "தண்ணி மட்டும்தான் யக்கா இறங்குது, அது நீங்க அனுப்புறதால"ன்னான். கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. என்ன இருந்தாலும் ஒரு ஆளுக்கு நம்ம கையால நல்லது நடக்குதேன்னு நினைச்சேன்.

மிதவை ஒன்று. நாள் 283. மாலை 15:40
உயரம் 55. வெளி வெப்பம் 29.

இன்னைக்கு என்ன நாள்னு பாத்து அதிர்ந்துட்டேன். நேத்துதான் எழுதின மாதிரி இருக்கு. மெஷின் பதிமூணு நாள்ங்குது.

மிதவை ரெண்டு: "யக்கா... அஞ்சு நாளாக் கூப்பிடுதேன். கேன் முடியப் போவுது. நாக்கு... வாய் குழறுது. கோவிச்சுக்கிட்டீகளா?"

ஓடிப் போய்க் கேன் ஏத்தினேன். ஓட்டம்னா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு. குருவி மறுபடி சிவப்பு விளக்கு. அணைச்சேன். மறுபடி போட்டுச்சு. சனியனே, இருபது லிட்டர் தண்ணி இருபது கிலோ, அதுல உனக்கு என்ன சந்தேகம்னு கத்தினேன். கத்தினதுல மூச்சு வாங்கி அங்கயே உக்காந்துட்டேன். உக்காந்த எடத்துல, இத்தனை நாளா ஒரு தடவை கூட எடை போட்டுப் பாக்கலயேன்னு தோணுச்சு.

ஆய்வுத் தராசு. ஒரு லிட்டர் குடுவை. மிச்சத் தண்ணி. ஆயிரம் கிராம் இருக்கணும்.

ஆயிரத்து நாப்பத்திமூணு.

மூணு தடவை போட்டேன். பொதுத் தொட்டித் தண்ணியையும் போட்டேன். அதுவும் கூடத்தான், ஆனா அதுல பாதி.

மாலை 16:30

கையை நிதானமா வச்சு எழுதுறேன். படிக்கிறவருக்குப் புரியணும்.

ஹைட்ரஜன்ல சாதா ஒண்ணு, கனம் ஒண்ணு. சாதா ஹைட்ரஜனோட கருதான் நான் அளக்குற புரோட்டான். கன ஹைட்ரஜனோட கரு அதைப் போல ரெண்டு மடங்கு எடை. பூமியில அது ரொம்பக் கம்மி. வெள்ளிக் கிரகத்துல நூறு மடங்குக்கு மேல இருக்கு. இது இங்க வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், பரீட்சையில கேட்டாங்க, எழுதினேன். பிரிப்பான்ல லேசான ஹைட்ரஜன் முதல்ல பிரிஞ்சு பைக்குப் போயிரும். கனமானது அடியில தங்கும். அதனாலதான் கையேட்டுல கொட்டச் சொன்னான். நான் கொட்டல. மிச்சத் தண்ணியில நூத்துக்கு நாப்பது பங்கு கனநீர். அதே தண்ணியைச் சுத்திச் சுத்திப் பிரிச்சதுல பொதுத் தொட்டியிலயும் பாதி அளவுக்குக் கனம் ஏறிருச்சு. தித்திப்பும் அதோட குணம்தான்.

கனநீர் விஷம் இல்ல. குடிச்ச உடனே ஒண்ணும் பண்ணாது. உடம்புத் தண்ணியோட கலந்து, நொதிக்குள்ள நிக்கிற வரிசைக்கும் போய்ச் சேரும். குடத்தைக் கைமாத்துற வரிசையில திடீர்னு குடமெல்லாம் ரெண்டு மடங்கு கனமானா என்ன ஆகும்? அதுதான் ஆச்சு. பாக்டீரியாவுக்கு, கீரைக்கு, எனக்கு, ரோமால்டுக்கு. காதுக்குள்ள இருக்குற நீரும் கனமாகும், அதான் தலை சுத்துது. உடம்போட கடிகாரமும் மெதுவாகும், அதான் நான் மத்தியானம் மூணு மணிக்கு எந்திரிக்கிறேன்.

நொதிக்குக் களைப்பு இல்ல. அது பாவம், குடுத்த சுமையைத் தூக்கிட்டு இருந்துச்சு. புரோட்டான் நிபுணின்னு எனக்குப் பட்டம் குடுத்து அனுப்பினாங்க. புரோட்டானோட எடை மாறினது கூட எனக்குத் தெரியல.

ரோமால்ட் நாலு லிட்டர் குடிச்சிருக்கான் தினமும். நான் குடிக்கச் சொல்லி.

மிதவை ஒன்று. நாள் 284. மாலை 16:10

அவன்கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் மறைக்கல. நான் அழுதேன். அவன் சிரிச்சான். நடுங்குற குரல்ல சிரிச்சான்.

மிதவை ரெண்டு: "எங்க ஊர்ல... இந்தக் கனநீருக்குன்னே ஆலை கட்டி, கோடி கோடியாச் செலவழிச்சு எடுக்காங்க. நீங்க சும்மாவே எனக்கு ஊட்டி விட்டிருக்கீக. விடுங்க யக்கா. தித்திச்சப்பவே எனக்கும் புத்தி வந்திருக்கணும், நான்லா அந்த ஊர்க்காரன். எழவு, ரசிச்சுல்லா குடிச்சேன்."

டாக்டர் ஹமீதா: "வடிவு, கணக்கு சரியா இருந்தா ரோமால்ட் உடம்புல கனநீர் நூத்துக்கு முப்பது பங்கு தாண்டியிருக்கும். விலங்குகள்ல அதுக்கு மேல போனா பொழைச்சதில்ல. மாத்து மருந்து கிடையாது. லேசான தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வெளியேத்தணும், அது ஒண்ணுதான் வழி. குறைஞ்சது நூறு லிட்டர் வேணும். உங்ககிட்ட இருக்கா?"

இல்ல. வலை இல்லாம லேசான தண்ணிக்கு எங்க போறது.

மிதவை ஒன்று. நாள் 286. மாலை 17:00

இருக்கு. தலைக்கு மேலயே தொங்குது.

பையில இருக்குற ஹைட்ரஜன் முழுக்க லேசானது. பிரிப்பான்ல முதல்ல பிரிஞ்சு போனதெல்லாம் அங்கதானே இருக்கு. இருட்டுப் பக்கம் போகும்போது மின்சாரத்துக்குன்னு எரிகலம் ஒண்ணு வச்சிருக்கேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ள விட்டா மின்சாரமும் தண்ணியும் வரும். பையில இருந்து ஹைட்ரஜனை எடுத்து எரிகலத்துல விடணும். ஆக்சிஜனுக்கு மிச்சத் தண்ணியையே பிரிச்சுக்கலாம். அதுல வர்ற கன ஹைட்ரஜனைப் பையோட இன்னொரு அறையில அடைச்சா மிதவை ரொம்ப இறங்காது. இறங்கும், கொஞ்சம். இறங்கினா சூடு கூடும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன.

மிதவை ரெண்டுல எரிகலம் கிடையாது. "நான் தீக்குச்சி கிழிச்சு எரிச்சுப் பாக்கவா"ன்னு கேட்டான். கூண்டோட போயிருவன்னு சொன்னேன். இங்க இருந்துதான் போகணும்.

மின்சாரக் கணக்கு போட்டாச்சு. கிரகத்தை ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள ஒரு கேன் தண்ணி செய்யலாம். அதுக்கு மேல ஒரு டம்ளர் வராது. ஒரு கேன், ஒரு ஆளுக்கு. ஆளுக்குப் பாதின்னு பிரிச்சா ரெண்டு பேர் உடம்புலயும் அளவு இறங்காது. கனநீர் அளவுல அவன் முப்பதைத் தாண்டிட்டான், நான் இருபதுல இருக்கேன். யோசிக்க ஒண்ணுமில்ல, அஞ்சு கேன் அவனுக்கு. அப்புறம் எனக்கு.

மிதவை ஒன்று. நாள் 297. மாலை 18:20
உயரம் 54.4. வெளி வெப்பம் 35.

ரெண்டு கேன் போய்ச் சேர்ந்துச்சு. குருவியோட இறக்கை உறையை அமிலம் அரிச்சுருச்சு. இன்னும் நாலஞ்சு நடை தாங்கலாம். அத அவன்கிட்டயும் சொல்லிட்டேன், பத்திரமா இறக்கி ஏத்துன்னு.

மிதவை ரெண்டு: "நேத்து ஏணில நாலு படி ஏறிட்டேன் யக்கா. பசிக்கி. எத்தன நாளாச்சு பசிச்சு! நீங்க எதக் குடிக்கீக?"

பாதி எனக்கு எடுத்து வச்சுக்கிட்டுத்தான் உனக்கு அனுப்புறேன்னு சொன்னேன்.

கத்திரி வெயில் மாதிரி இருக்கு உள்ள. தாகம். குடிக்கிறது பொதுத் தொட்டித் தண்ணிதான், அதுலயும் கனம் ஏறிக்கிட்டே வருது. குடிக்காம இருக்க முடியல. விரல் நடுங்குது. எழுதும்போது வரி கீழ கீழ

தூங்கிட்டேன் போல. மணி 21:00.

மிதவை ஒன்று. நாள் 303. நேரம் 19:50
உயரம் 54.1. வெளி வெப்பம் 38.

மூணாவது கேன் அனுப்பினேன். திரும்பி வந்துருச்சு. நிறைஞ்சபடியே. மூடி கூடத் திறக்கல.

மிதவை ரெண்டு: "கிழவி மாதிரி பொய் சொல்லுதீக. என் ரேடார்ல உங்க உயரம் தெரியும்லா? இறங்கின கணக்கு எனக்குப் போடத் தெரியும். மொத்தமே ஒரு சுத்துக்கு ஒரு கேன்தான் செஞ்சிருக்க முடியும், அத முழுக்க எனக்கு அனுப்பியிருக்கீக. இது உங்களுக்கு. நான் இப்போ நல்லாத்தான் இருக்கேன். குடிங்க."

நல்லா இருக்கானாம். நாலு படி ஏறினவன் நாப்பது படி ஏறின மாதிரி பேசுறான். திட்டிட்டு திருப்பி அனுப்பினேன். அவன் உடம்புல இன்னும் இருபத்தஞ்சு இருக்கு, நிறுத்தினா மறுபடி ஏறிரும்.

நாள் 304. நேரம் தெரியல, மெஷின் பாத்துக்கோங்க.

மறுபடி திருப்பி அனுப்பிட்டான். ஒரு டம்ளர் மட்டும் எடுத்துக்கிட்டானாம், என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு.

எங்க ரெண்டு பேரு ஊர்லயும் இப்படித்தான். நீங்க குடிங்க, இல்ல நீங்க குடிங்க, இருக்கட்டும், பரவாயில்ல. பந்தியில கடைசி வடைக்குப் பண்ணுற உபசாரம். நான் மட்டும் சளைச்சவளா. கேனை மறுபடி குருவியில ஏத்தினேன். ஏத்தும்போதே இறக்கையில நூல் பிரிஞ்சு தொங்குறதைப் பாத்தேன். பாத்தும் அனுப்பினேன். அவன் குடிச்சா போதும்னு இருந்துச்சு. நாலஞ்சு நடைன்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். அவனும் கேட்டுக்கிட்டான். நாங்க ரெண்டு பேரும் எண்ணல.

பாதி தூரத்துல இறக்கை கிழிஞ்சுருச்சு. ரேடார்ல ரெண்டு பேருமே பாத்தோம். கேனோட கீழ போச்சு. போயிக்கிட்டே இருந்துச்சு. கீழ தரை வரைக்கும் ஐம்பத்திநாலு கிலோமீட்டர்.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

அப்புறம் அவன்தான் பேசினான்.

மிதவை ரெண்டு: "சரி யக்கா. இனிமே சண்ட போட ஒண்ணுமில்ல. அடுத்த கேன் உங்களுக்குத்தான்."

மிதவை ஒன்று. நாள் 312. மாலை 16:00
உயரம் 53.9. வெளி வெப்பம் 41.

டாக்டர் ஹமீதா சொல்லிட்டாங்க. கப்பல் முன்கூட்டிக் கிளம்பிருச்சு, ஆனா வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்.

எரிகலத்துத் தண்ணியை நான் குடிக்கிறேன். அனுப்ப வழி இல்ல. கொட்டவும் முடியாது. முதல் நாள் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். ரோமால்ட் கண்டுபிடிச்சுட்டான்.

மிதவை ரெண்டு: "நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியுது. மைக்க வாய்ப் பக்கத்துல வைங்க. ம். இப்போ குடிங்க. சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் நம்புவேன்."

அன்னைல இருந்து தினமும் நாலு வேளை கூப்பிடுறான். நான் மைக்குல குடிச்சுக் காட்டணும். மடக்கு மடக்கா எண்ணுறான். அவனுக்கு இருக்குறது நான் முன்னாடி அனுப்பின மிச்சத் தண்ணிக் கேன்தான். குறைச்சுக் குடிக்கிறேங்கிறான். குறைச்சாலும் அதுதானே உள்ள போகுது.

மிதவை ஒன்று. நாள் 325. காலை 09:00
உயரம் 53.9. வெளி வெப்பம் 41.

அளவு 810. எரிகலத்துத் தண்ணியில பாக்டீரியாவைப் புதுசா வளர்த்தேன், உடனே ஏறுது. நான் குடிச்சதையே மறுபடி பிரிச்சுப் பைக்கு விடுறதால உயரமும் குறையல. என் கை நடுக்கம் குறைஞ்சுருச்சு. கணக்கு பண்ணும்போது தப்பு வரல. பசிக்குது. எனக்குப் பசிக்கிறது எனக்கே பிடிக்கல.

தலை தெளிஞ்சதும் வேற வழி ஏதாவது இருக்கான்னு எல்லாத்தையும் யோசிச்சேன். பையோட உயரத்தை மாத்தி வேற காத்துல ஏறி அவன் பக்கம் போக முடியுமான்னு பாத்தேன். ரெண்டு மிதவைக்கும் நடுவுல இப்போ நானூறு கிலோமீட்டர். விலகிட்டே இருக்கு. நான் இறங்கினதால வேற காத்துல மாட்டிக்கிட்டேன்.

மிதவை ரெண்டு: "யக்கா. குடி... ச்சீகளா. எண்ணுதேன். ஒண்ணு. ரெண்டு. ... ஒண்ணு."

ரெண்டுக்கு அப்புறம் அவனுக்கு எண்ண வரல. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சான். நான் மெதுவாக் குடிச்சேன், அவனுக்கு எண்ண நேரம் குடுத்து.

மிதவை ஒன்று. நாள் 334. காலை 06:00
உயரம் 53.9. வெளி வெப்பம் 41. பகல் பக்கம்.

ஆறு மணிக்கு முழிப்பு வந்துருச்சு. யாரும் எழுப்பல.

பை அழுத்தம் சரி. எரிகலம் சரி. அளவு 925. நொதி நல்லா வேலை செய்யுது. "நொதிக் களைப்பு" அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு தலைமையகத்துக்கு எழுதிட்டேன். காரணத்தையும் எழுதிட்டேன், என் பேரோட. கையேட்டுல அந்த ஒரு வரிக்கு அடியில ஏன்னு எழுதுங்கன்னும் கேட்டிருக்கேன். "பெறப்பட்டது, நன்றி"ன்னு வந்துச்சு.

இதை எடுத்துப் படிக்கிறவருக்கு. மிதவை ரெண்டுல சிவப்பு மூடி போட்ட கேன்ல இருக்குற மிச்சத் தண்ணியை யாரும் குடிக்க வேணாம். அங்க இருக்குற ஆளை முதல்ல பாருங்க. பேரு ரோமால்ட். மெக்கானிக். ரொம்ப மரியாதை தெரிஞ்ச பையன்.

அவனோட லைன் திறந்தே இருக்கு. முந்தாநாள் வரைக்கும் மூச்சு கேட்டுச்சு. நேத்து கேட்டுச்சா இல்லையான்னு எனக்கு நிச்சயமில்ல. இன்னைக்கு அவன் கூண்டுல விசிறி ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. மைக்கு தள்ளி விழுந்திருக்கலாம். தூங்கலாம். கன உடம்பு ரொம்ப நேரம் தூங்கும், எனக்குத் தெரியும்.

முதல் வேளைக்கு நேரமாச்சு. அவன் கூப்பிடல. நானே பொத்தானை அமுக்கினேன். டம்ளரை மைக்குக்குப் பக்கத்துல கொண்டு வந்து, சத்தம் கேக்கக் குடிச்சேன். அவனுக்குப் பதிலா நானே எண்ணினேன். ஒன்பது மடக்கு. குடிச்சுட்டேன்டா தம்பின்னு சொன்னேன்.

விசிறி ஓடுது. அடுத்த டம்ளரை ஊத்தி வச்சிருக்கேன்.